ஏசி-த்ரீயும் இடுப்பு பெல்ட்டும்

செம்மலின் இடுப்பு வருஷத்துக்கு இரண்டு முறை வலிக்கும். பங்குனியில் ஒருமுறை, ஐப்பசியில் ஒருமுறை. இரண்டும் ஆலங்குடிப் பக்கத்தில் மாமனார் வீட்டுக் கடலை முற்றுகிற மாதங்கள். மற்றவர்கள் ஒரு செடியைப் பிடுங்கி, காயை உடைத்து, ஓட்டின் உள்பக்கம் கறுத்திருக்கிறதா என்று பார்த்துத்தான் பறிப்புக்கு நாள் குறிப்பார்கள். செம்மலுக்கு அந்தச் சிரமம் கிடையாது. புதுக்கோட்டையில் தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவன் இடுப்பு அதைக் கண்டுபிடித்துவிடும்.

முன்பெல்லாம் மாப்பிள்ளையைக் கடலைக் கொல்லையில் இறக்குவது கௌரவக் குறைச்சல். இப்போது கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை. பேங்கில் வேலை பார்க்கிற மருமகனும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுகிறார். செம்மலும் கல்யாணமான முதல் வருஷம் இறங்கினான். அரை நாள் குனிந்தான். மறுநாள் புதுக்கோட்டை மருந்துக்கடையில் கறுப்பு நிறத்தில், முன்னால் ஒட்டிப் பிரிக்கிற அகலமான பெல்ட் ஒன்றை வாங்கிவிட்டான். அன்றிலிருந்து நாலு வருஷமாக எட்டுப் பறிப்பு முடிந்துவிட்டது. எட்டிலும் அவன் வேப்பமர நிழலில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தான். மாமியார் செங்கமலம் நாட்டுக்கோழிக் குழம்பு வைத்து, "காலை நீட்டி உக்காருங்க மாப்ள" என்று பரிமாறினாள். மாமனார் பிச்சைமுத்து தன் இடுப்புக்கு வைத்திருந்த தைலத்தை மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுத் தான் போய்க் குனிந்தார். அவருக்கு அறுபத்தாறு வயது. அவருக்கு இடுப்பு உண்மையாகவே வலிக்கும்.

இதற்கெல்லாம் வெட்கப்படுகிற ஆள் இல்லை செம்மல். தன்னை ஒரு விஞ்ஞானி என்று நினைத்திருந்தான். ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் உதவியாளன். காலையில் நாற்பது கம்ப்யூட்டர்களை ஆன் செய்வான், மாலையில் நாற்பதையும் ஆஃப் செய்வான். இடைப்பட்ட நேரத்தில் போனில் மற்ற போன்களைப் பற்றிப் படிப்பான். உலகத்தில் எந்தக் கருவி எப்போது பழுதானாலும் அதற்குக் காரணம் அவனுக்குத் தெரியும். எதையும் சரிசெய்ய மட்டும் தெரியாது.

இந்த மாசி மாதம் அவன் மகள் சுடர்விழிக்குக் காதுகுத்து வைத்தார்கள். குடுமியான்மலைக்கு அந்தப் பக்கம் உள்ள குலதெய்வக் கோயிலில் பந்தல் போட்டு, ஆடு அடித்து, முறையாகத்தான் நடந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்த வேண்டும்? அதற்காகவே அவன் மனைவி திலகவதியின் தம்பி அன்புமொழி கத்தாரிலிருந்து பத்து நாள் லீவில் பறந்து வந்திருந்தான். சீர்த்தட்டில் பட்டுப்பாவாடை, தோடு, பழம், இவற்றோடு கையில் பிடித்துப் பார்க்கிற ஏழு அங்குல வீடியோ பிளேயர் ஒன்றும் இருந்தது. அக்கா வீட்டு டிவி போன ஐப்பசி இடியில் கருகிப் போனதையும், குழந்தை எந்நேரமும் போனைப் பிடுங்குவதையும் யோசித்து வாங்கியிருந்தான்.

மச்சான் வாங்கிவந்த பொருளில் குறை கண்டுபிடிப்பது மாப்பிள்ளையின் பிறப்புரிமை அல்லவா? பந்தலிலேயே பெட்டியைப் பிரித்து, கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தான் செம்மல். படித்துவிட்டு, கருவியைத் தன் பேரிலும் தன் போன் நம்பரிலும் பதிவு செய்துகொண்டான். குழந்தைக்கு வந்த சீர் இப்படியாக அப்பனுக்குச் சொந்தமானது.

வீடியோ எடுக்க அறந்தாங்கியிலிருந்து இப்ராஹிம் வந்திருந்தான். கெட்டிக்காரப் பையன். பக்கத்தில் பேசுவது தெளிவாக விழவேண்டும் என்று அன்புமொழியின் சட்டைக்குள்ளும் செம்மலின் சட்டைக்குள்ளும் சின்னதாக ஆளுக்கொரு காலர் மைக்கை மாட்டிவிட்டான். ஆசாரி ஊசியை எடுத்தார். குழந்தை ஊரே கேட்கிற மாதிரி வீறிட்டது. அன்புமொழி குனிந்து அதன் காதோரம் ஏதோ சொன்னான். என்ன சொன்னானோ, அழுகை பட்டென்று நின்றுவிட்டது. திலகவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னடா சொன்ன என்று கேட்பதற்குள் மொய் எழுதுகிறவர்கள் அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். சாயங்காலம் அன்புமொழி திருச்சி விமான நிலையத்துக்குக் கிளம்பிப் போய்விட்டான். அதற்கப்புறம் போனில் கேட்டபோது, "அது எனக்கும் எம் மருமகளுக்கும் உள்ள ரகசியம், வீடியோவுல கேட்டுக்க" என்று சிரித்தான். கத்தாரில் அவன் இனி ரெண்டு வருஷம் இருக்க வேண்டும். அந்த ரெண்டு வரியைக் கேட்க அவள் அன்றிலிருந்து காத்திருந்தாள்.

வீடியோ வருவதற்கு முன்னால் இப்ராஹிமின் போன் வந்தது.

"அண்ணே, ஒங்க காலர் மைக்கக் கழட்ட மறந்துட்டேன்."

"அதனால என்னப்பா?"

"சமையல் பந்தலுக்குப் பின்னாடி நின்னு ஒங்க ஃபிரண்டு கூட நாலு நிமிசம் பேசியிருக்கீக. நானும் தூரத்துலேர்ந்து நேச்சுரலா இருக்கேன்னு அதை எடுத்துட்டேன். சவுண்டு ரொம்பத் தெளிவா இருக்குண்ணே." இதைச் சொல்லிவிட்டு அவன் சிரிப்பை அடக்குவது போனிலேயே கேட்டது. "அந்த எடத்த வெட்டிரவா?"

'வெட்டு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதை இந்த இடத்தில் முடிந்திருக்கும். நமக்கும் வேலை மிச்சம். ஆனால் செம்மலுக்கு அந்தச் சிரிப்பு சுருக்கென்று தைத்தது. பொண்டாட்டிக்குப் பயந்து வெட்டச் சொன்னான் என்று நாளைக்கு அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டு டீக்கடை முழுக்கப் பேசினால்? "எதுக்கு வெட்டணும்? எனக்கென்ன பயமா? அப்புடியே இருக்கட்டும்" என்று கம்பீரமாகச் சொல்லிப் போனை வைத்தான். வைத்த பிறகுதான், திலகவதி பக்கத்தில் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்தான்.

அவன் பேசியது அவனுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. கேட்டவன் நிலவழகன், கல்லூரி வேன் டிரைவர். பேச்சு முழுக்க இடுப்பைப் பற்றி. பங்குனிப் பறிப்புக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

இரண்டு நாள் லேபில் உட்கார்ந்து யோசித்தான். நாற்பது கம்ப்யூட்டர்களும் சும்மா ஓடிக்கொண்டிருந்தன. மூன்றாம் நாள் பிளேயரின் கையேட்டை மறுபடி புரட்டியபோது கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தில் விடை கிடைத்தது. விலையைக் குறைப்பதற்காக அந்தக் கம்பெனி சில வடிவங்களுக்கு உரிமம் வாங்காமலேயே கருவியை விற்றிருந்தது. அந்தப் பட்டியலில் முதலாவதாக நின்றது ஏசி-த்ரீ என்கிற ஒலி வடிவம். அந்த வடிவத்தில் சத்தம் இருந்தால் படம் ஓடும், பேச்சு வராது. அதற்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது. வேண்டுகிறவர்கள் கருவியின் வரிசை எண்ணைக் கொடுத்து அந்த உரிமத்தை இணையத்தில் தனியாக வாங்கிக்கொள்ளலாமாம். விலை ஒரு கோழி பிரியாணி அளவுதான். செம்மல் அந்த வரியைப் படித்தான். கையேட்டைச் செருப்பு அலமாரிக்குப் பின்னால் செருகினான்.

உடனே இப்ராஹிமுக்குப் போன் போட்டு, சவுண்டை ஏசி-த்ரீயில் போட்டுத் தா என்றான். சுத்தி ஆறு ஸ்பீக்கரில் கேட்டால்தான் விசேஷம் களைகட்டும் என்றான்.

"ஒங்க வீட்டுல டிவியே இல்லையேண்ணே" என்றான் இப்ராஹிம்.

"எதிர்காலத்துல வாங்குவோம்ப்பா. நம்ம எதிர்காலத்துக்கு ரெடியா இருக்கணும்."

அடுத்த வாரம் மெமரி கார்டு வந்தது. திலகவதி அடுப்பை அணைத்துவிட்டுக் கையைக்கூடத் துடைக்காமல் ஓடிவந்தாள். பிளேயரைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்து ஓடவிட்டான் செம்மல். கோயில் வந்தது, ஆசாரி வந்தார், குழந்தை வாயைப் பிளந்தது. சத்தம் வரவில்லை. திரையின் அடியில், இந்த ஒலி வடிவத்துக்கு ஆதரவு இல்லை என்று ஒரு வாசகம் வந்து நின்றது. அன்புமொழி குனிந்து குழந்தையின் காதில் உதட்டை அசைத்தான். திலகவதி பிளேயரைத் தூக்கித் தன் காதில் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் முகம் வாடிப்போனது.

மனிதனாக இருந்தால் அந்த இடத்தில் கொஞ்சம் மனசு இளகியிருக்கும். செம்மல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வகுப்பெடுக்க ஆரம்பித்தான். படத்தையும் சத்தத்தையும் அப்படியே வைத்தால் இடம் கொள்ளாது என்றான். அதனால் மடித்து அமுக்கி வைப்பார்கள் என்றான். மடிக்கிற முறைக்குப் பேர் கோடெக். எந்த முறையில் மடித்தார்களோ அந்த முறையில்தான் பிரிக்க முடியும். படத்துக்கு ஒரு மடிப்பு, சத்தத்துக்கு வேறொரு மடிப்பு. ஒவ்வொரு மடிப்பும் ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்குச் சொந்தம். அவனிடம் உரிமம் வாங்காமல் எந்தக் கருவியும் பிரிக்கக் கூடாது. உன் தம்பி வாங்கிவந்தது மலிவுச் சரக்கு, அதில் அந்த உரிமம் இல்லை. இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு தேஜஸ் வந்தது.

"அப்ப சத்தம் உள்ள இருக்குங்களா?" என்று கேட்டாள் திலகவதி.

"பத்திரமா இருக்கு. ஒரு சொட்டு குறையல. பிரிக்கத்தான் லைசென்ஸ் இல்ல."

"அப்ப நெலம் நம்மளுது. பாதைதான் இல்ல."

"கரெக்ட்டாப் புடிச்சுட்ட."

"அந்த லைசென்ஸ எடுக்க முடியாதுங்களா?"

செம்மல் சிரித்தான். விவரம் தெரியாதவர்களுக்கென்று ஒரு தனிச் சிரிப்பு வைத்திருந்தான், அந்தச் சிரிப்பு. "அது என்ன ரேஷன் கார்டா? கம்பெனிக்குக் கம்பெனி கையெழுத்துப் போடுற சமாச்சாரம். ஒன்னய மாதிரி என்னய மாதிரி தனி ஆளுக்கெல்லாம் தரமாட்டான். நம்ம போயி நின்னா வாட்ச்மேனே வெரட்டிருவான்."

திலகவதி சரிங்க என்று எழுந்து போய் ரசத்துக்குத் தாளித்தாள்.

இந்த இடத்தில் ஒரு விவரம் சொல்லியாக வேண்டும். திலகவதிக்கு வேலை இ-சேவை மையத்தில். வருமானச் சான்று, சாதிச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், கடை உரிமம், பட்டாசு உரிமம், வண்டி உரிமம் என்று சுற்றுவட்டார ஜனம் முழுக்க அவள் முன்னால்தான் வரிசையில் நிற்கும். கிடைக்காது என்று ஏழு அலுவலகம் கைவிரித்து அனுப்பிய கிழவருக்கு, எட்டாவது அலுவலகத்தின் எந்தப் பக்கத்தில் எந்தக் கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பத்து வருஷமாக அவள் சாப்பிடுகிற சோறே உரிமம் எடுத்துக் கொடுத்துச் சம்பாதித்தது. அவளிடம் போய், லைசென்ஸ் வாங்க முடியாது என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கினான் ஒரு மனிதன். அவன் காலையில் கம்ப்யூட்டர் ஆன் செய்வதற்காகவாவது சம்பளம் வாங்குகிறானே என்று நாம் ஆறுதல்பட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

மறுநாளிலிருந்து அவள் மெமரி கார்டைப் பற்றிப் பேசவே இல்லை. மையத்துக் கம்ப்யூட்டரில் வெளிக் கார்டு எதையும் செருகக் கூடாது என்று கட்டுப்பாடு. அவள் போனில் கார்டு போட இடமே கிடையாது. எல்லா வழியும் அடைபட்டதை உள்ளுக்குள் கணக்குப் பார்த்து மகிழ்ந்த செம்மல், பெல்ட்டை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டான். பறிப்புக்கு எட்டு நாள் இருந்தது. அன்று காலை நாற்காலியிலிருந்து எழும்போது முதல் முனகலையும் வெளியிட்டான். ஒவ்வொரு தடவையும் எட்டு நாள் முன்னாலேயே முனகத் தொடங்குவது அவன் வழக்கம். திடீரென்று வலித்தால் யார் நம்புவார்கள்?

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அவன் கல்லூரி கேன்டீனில் போண்டா தின்றுகொண்டிருந்தபோது திலகவதி கூப்பிட்டாள்.

"ஏங்க, ஒங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். கொஞ்சம் சொல்லுங்க."

"என்ன நம்பர்?"

"ஒரு லைசென்ஸ் வேலைங்க. ஒங்க பேர்ல இருக்கு. ஒங்க நம்பருக்குத்தான் ஓடிபி வரும்."

அவள் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் வரவில்லை. பைக் லைசென்ஸ் புதுப்பிக்க அவளிடம் ரெண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான், அதுவாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டான் செம்மல். மெசேஜை முழுசாகப் படிக்காமல் யாருக்கும் ஓடிபி சொல்லாதே என்று வாரம் ஒருமுறை மனைவிக்கு உபதேசிக்கிறவன் அவன். இப்போது ஒரு கையில் போண்டா, மறுகையில் போன். நம்பருக்கு முன்னால் எழுதியிருந்த ஒன்றரை வரி ஆங்கிலத்தில் பிளேயர் கம்பெனியின் பேரும், ஆடியோ என்ற சொல்லும், ஆக்டிவேஷன் என்ற சொல்லும் இருந்தன. அதில் ஒன்றையும் அவன் படிக்கவில்லை.

"நாலு, ஏழு, ஏழு, ஒண்ணு, சைபர், மூணு" என்று நிறுத்தி நிதானமாக ஒப்பித்தான். "சரியா எழுதிக்கிட்டியா? திருப்பிச் சொல்லு."

அவள் திருப்பிச் சொன்னாள்.

"கரெக்ட்" என்று சொல்லிவிட்டு அடுத்த போண்டாவை எடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆலங்குடி பஸ்ஸில் மாமனாரும் மாமியாரும் வந்திறங்கினார்கள். ஒரு பை நிறையப் பச்சைக் கடலை கொண்டுவந்திருந்தார்கள். புதன்கிழமை பறிப்பு ஆரம்பம் என்றார் பிச்சைமுத்து. இந்தத் தடவை ஆளே கிடைக்கவில்லை, இருக்கிற ரெண்டு பேரை வைத்துத்தான் பார்க்கணும் என்றார். சொல்லிவிட்டு, மாப்பிள்ளை இடுப்பைக் குறிப்பாக விசாரித்தார். செம்மல் பெல்ட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு, பரவாயில்லை மாமா என்று பல்லைக் கடித்துச் சொன்னான். அந்தப் பரவாயில்லையை அவன் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருந்தான்.

சாப்பாடு முடிந்ததும் திலகவதி பிளேயரைக் கொண்டுவந்து சொம்பில் சாய்த்தாள். "அப்பாவும் அம்மாவும் இன்னும் பாக்கலைல்ல. போடுவோமா?"

"போடு. ஆனா சத்தம் வராது மாமா. லைசென்ஸ் பிரச்சன" என்று தொடங்கி, கோடெக் வகுப்பை மாமனாருக்கும் சுருக்கமாக எடுத்தான் செம்மல். அவர் பணிவாகத் தலையாட்டினார்.

படம் ஓடியது. சத்தம் இல்லை. ஆனால் திரையின் அடியில் வழக்கமாக வருகிற அந்த வாசகமும் இல்லை. நிபுணர் அதைக் கவனிக்கவில்லை. திலகவதியின் கட்டைவிரல் பிளேயரின் ஓரத்தில், சத்தம் கூட்டுகிற பொத்தானின் மேல் லேசாகப் பட்டுக்கொண்டிருந்ததையும் அவன் கவனிக்கவில்லை. ஊமைப்படம் ஓடுகிறதே, பெரியவர்களுக்குச் சலிப்புத் தட்டுமே என்று அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. படத்தில் பேசுகிற எல்லாருக்கும் தானே குரல் கொடுக்க ஆரம்பித்தான். ஆசாரிக்குப் பேசினான். பூசாரிக்குப் பேசினான். அன்புமொழி குழந்தையின் காதில் குனிந்தபோது, "ஒங்கப்பா மாதிரி தைரியமா இருக்கணும்டா செல்லம்" என்று தழுதழுத்த குரலில் எடுத்துவிட்டான். செங்கமலம் வாயைப் பொத்திக்கொண்டு ரசித்தாள். திலகவதி மட்டும் அவனை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

பிறகு சமையல் பந்தல் வந்தது. தூரத்தில் செம்மலும் நிலவழகனும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். திரையில் செம்மல் இடுப்பைத் தட்டிக் காட்டினான்.

"இதுல என்னங்க பேசுறீக?" என்று கேட்டாள் திலகவதி.

"இதுவா?" செம்மல் ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டான். "நிலவழகன் கேக்குறான், ஏன்டா மொகம் வாடியிருக்குன்னு. நான் சொல்றேன், மாப்ள, மாமாவுக்கு வயசாச்சு. வெயில்ல கெடந்து குனியிறாக. பக்கத்துல நின்னு ஒரு செடி பறிச்சுக் குடுக்க இந்த இடுப்பு விடமாட்டேங்குதே, அத நெனச்சா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது."

பிச்சைமுத்துவின் கண் கலங்கிவிட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்தார். திலகவதி கட்டைவிரலை அழுத்தினாள்.

"இடுப்பாவது வலியாவது" என்றது பிளேயர்.

செம்மலின் குரல்தான். துல்லியமாக இருந்தது. அறந்தாங்கி இப்ராஹிமின் மைக் நல்ல மைக்.

"அந்த பெல்ட்டு மருந்துக் கடையில வாங்குனது மாப்ள. எந்த டாக்டரும் எம் இடுப்பத் தொட்டதே இல்ல. நாலு வருசமா ஒரு கடலைச் செடியப் புடுங்குனதில்ல. அவுக வெயில்ல கெடந்து பறிப்பாக, நான் கட்டுல்ல கெடந்து கோழி திம்பேன். மாமனாரு தைலத்தையும் எனக்கே தந்துட்டுப் போயிருவாரு, பாவம். எம் பொண்டாட்டி இருக்காளே, ஊர்ல உள்ள சர்டிபிகேட்டு அம்புட்டையும் சரிபாப்பா. எம் இடுப்ப மட்டும் அவளால சரிபாக்க முடியல."

பிறகு நிலவழகன் சிரித்தான். செம்மலும் சிரித்தான். பிளேயரில் அந்தச் சிரிப்பு ரொம்ப நேரம் ஓடியது.

செங்கமலம் மகளைப் பார்க்காமல் கடலைப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிச்சைமுத்து துண்டை மடித்து மறுபடி தோளில் போட்டார். ஆனானப்பட்ட செம்மலுக்கே அப்போது வெட்கமாக இருந்தது. பொய் சொன்னதற்காகவா, பிடிபட்டதற்காகவா என்று நம்மால் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தத் தைலக்கார மனிதரின் முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை.

"இதுக்கு... லைசென்ஸ் இல்லையே" என்றான் கடைசியில்.

"எடுத்தாச்சுங்க" என்றாள் திலகவதி. "வியாழக்கிழமை. கம்பெனி சைட்டுலயே விக்கிறான். நீங்கதான் ஓடிபி சொன்னீக. திருப்பிச் சொல்லச் சொல்லிச் சரியும் பாத்தீக."

அவள் எழுந்து பக்கத்தில் வந்து, அவன் இடுப்பு பெல்ட்டின் முனையைப் பிடித்து இழுத்தாள். அது கர்ரென்று பிரிந்து வந்தது.

"இதையும் சரிபாத்தாச்சு" என்று சொல்லி அதைச் சுருட்டினாள். சுருட்டியதை அப்பாவின் கையில் கொடுத்தாள். "நீங்க கட்டிக்கிருங்கப்பா. ஒங்களுக்கு ஆகும்."

அதற்கப்புறம் அவள் படத்தைப் பின்னுக்கு ஓட்டினாள். அவளுக்கு முதலிலிருந்தே வேண்டியது அந்த ஒரு இடம்தான். அதைக் கேட்கத்தான் உரிமத்தை எடுத்தாள். மற்றது தானாக வந்து மாட்டியது. வியாழக்கிழமையிலிருந்து அவள் அதைப் பதினைந்து தடவையாவது கேட்டிருப்பாள். இப்போது அம்மாவும் அப்பாவும் கேட்க வேண்டும் என்று நினைத்தாள். குழந்தையின் வீறிடல் அறையை நிறைத்தது. அதற்கு நடுவில் அன்புமொழியின் குரல், மூச்சுக்காற்றோடு, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி கேட்டது.

"அழாதடா தங்கம். பங்குனி வந்தா அம்மாச்சி கொல்லையில கடலை பறிப்பாக. அப்பாவப் பறிச்சுத் தரச் சொல்லு. பச்சைக் கடலை அம்புட்டும் ஒனக்குத்தான். மாமாவுக்கும் ரெண்டு எடுத்து வையி, என்ன?"

செங்கமலம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். திலகவதியும் துடைத்தாள். மூலையில் விளையாடிக்கொண்டிருந்த சுடர்விழி மாமா குரல் கேட்டு ஓடிவந்து பிளேயரைப் பார்த்தாள். பிறகு அப்பனைப் பார்த்தாள்.

"அப்பா, மாமா சொல்லுச்சு. நீ பறிச்சுத் தா" என்றாள்.

பிச்சைமுத்து தொண்டையைச் செருமினார். மனிதர் கோபப்படவே இல்லை, அதுதான் கொடுமை. மாப்பிள்ளை என்ற மரியாதை ஒரு இம்மியும் குறையாமல், "புதன்கிழமை வெள்ளன வந்துருங்க மாப்ள. வெயில் ஏறுறதுக்குள்ள நாலு பாத்தி பறிச்சுரலாம்" என்றார்.

புதன்கிழமை விடியற்காலை முதல் பஸ்ஸில் செம்மலைக் கொண்டுபோய் இறக்கினாள் திலகவதி. தானும் மூன்று நாள் லீவு போட்டிருந்தாள். ஒரே வரிசையில் அவளும் அவள் அம்மாவும் பேசிக்கொண்டே முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். பெல்ட் கட்டிய பிச்சைமுத்து நாலு வருஷத்தில் இல்லாத நிமிர்வோடு அடுத்த வரிசையில் பறித்தார். எல்லாருக்கும் பின்னால், வேறு ஊரில் இருக்கிற மாதிரி அவ்வளவு பின்னால், செம்மல் குனிந்துகொண்டிருந்தான். ஒவ்வொரு செடிக்கும் ஒரு தடவை நிமிர்ந்தான். கயிற்றுக் கட்டில் வேப்பமரத்தடியில் அப்படியே கிடந்தது. அதில் சுடர்விழி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு, பச்சைக் கடலை உரித்துத் தின்றபடி பிளேயரில் காதுகுத்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ரொம்பப் பிடித்த இடம் சமையல் பந்தல்தான். அப்பா சிரிக்கிற சத்தம் கொல்லை முழுக்கக் கேட்டது.

பதினொரு மணி வாக்கில் அவன் இடுப்பில் ஏதோ ஒன்று பளிச்சென்று பிடித்துக்கொண்டது. நிமிர முடியவில்லை. குனியவும் முடியவில்லை. பாதியில் நின்றான். நாலு வருஷமாக அவன் முனகிய முனகல் எல்லாம் எவ்வளவு தப்பான முனகல் என்று அப்போதுதான் தெரிந்தது. உண்மையான வலி வேறு மாதிரி இருந்தது.

"திலகா" என்று கூப்பிட்டான். அவள் திரும்பினாள். "இடுப்பு புடிச்சுக்கிருச்சு. நெசமாவே வலிக்குது. சத்தியமா."

திலகவதி ஒரு செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, கூடையில் போட்டாள்.

"அந்த வலிக்கு லைசென்ஸ் இல்லைங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த செடிக்குக் குனிந்தாள்.